மார்ஃபின் என்ற பெயருக்கு என்ன பொருள்? அது தூக்க மருந்தா?

கிரேக்கப் புராணத்து மார்ஃபியஸின் பெயரிலிருந்து வந்தது. அவரைத் தூக்கத்தின் தெய்வம் என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியில்லை. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் தூக்கத்தின் தெய்வம் அப்பா. மார்ஃபியஸ் அவருடைய பிள்ளைகளில் ஒருவர். மனித உருவெடுத்துக் கனவில் வருவதுதான் அவர் வேலை. கிரேக்கத்தில் 'மார்ஃபே' என்றால் உருவம்.

பெயர் வைத்தவர் ஃபிரெடரிக் செர்டுர்னர். ஜெர்மனியில் பாடர்போர்ன் என்ற ஊரில் மருந்துக்கடை உதவியாளராக இருந்தவர். கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்தால் அபின். அந்த அபினில் வேலை செய்யும் சரக்கு எது என்று தேடி, 1805-ஐ ஒட்டி அதைத் தனியே பிரித்தெடுத்தார். நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார், அவை தூங்கின. வலி குறைந்ததா என்று நாயிடம் கேட்க முடியாது. கண்ணுக்குத் தெரிந்தது தூக்கம்தான், அதனால் 'தூக்கம் தரும் பொருள்' என்று முதலில் லத்தீனில் ஒரு பெயர் வைத்தார். பிறகு 1817-ல் வெளியிட்ட கட்டுரையில்தான் 'மார்ஃபியம்' என்றார். தானும் மூன்று இளைஞர்களுமாக அதைச் சாப்பிட்டுப் பார்த்து, அளவு மீறிப்போய், வினிகர் குடித்து வாந்தி எடுத்ததையும் அதில் எழுதியிருக்கிறார். அதே வருடம் பாரிஸில் வேதியியலாளர் கே-லுசாக் அதை 'மார்ஃபின்' என்று மாற்றினார். காஃபின், நிகோட்டின் என்று தாவரச் சரக்குகளுக்கெல்லாம் அதே மாதிரி பெயர் வந்தது அதற்கப்புறம்தான்.

பெயரில் தூக்கம் ஒட்டிக்கொண்டதால் இன்றைக்கும் சங்கடம். அம்மாவுக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியபோது புதுச்சேரியில் பார்த்த டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள், "மார்ஃபினா? அப்போ மயக்கத்துலயே வெச்சிடுவாங்களே, கடைசிக் கட்டமா?" என்று கேட்டார்கள். அம்மாவும் பயந்து மாத்திரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். தொடங்கிய புதிதில் அசந்து தூங்கினார் என்பது உண்மை. வலியில் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்த உடம்பு அது! அப்புறம் தெளிந்துவிட்டார். புரண்டு படுக்கவே அலறியவர், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முறத்தில் முருங்கைக்கீரை உருவினார், பக்கத்து வீட்டு அக்காவிடம் மீன் விலை விசாரித்தார். அதைப் பார்த்த பிறகு இந்த மருந்தைத் தூக்க மருந்து என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. இது வலி மருந்து.

வீட்டில் யாருக்காவது எழுதிக் கொடுத்திருந்தால் பெயருக்குப் பயந்து தள்ளிப் போடாதீர்கள். சாதாரண மாத்திரை என்றால் பொதுவாக நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி வரும்வரை காத்திருக்காமல் கொடுக்கச் சொல்வார்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது. 1985 போதைப்பொருள் சட்டத்தை 2014-ல் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வைத்துக்கொள்வதைச் சுலபமாக்கியிருக்கிறார்கள், அங்கே கேளுங்கள். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். அதற்கான மருந்தையும் முதல் நாளிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.