டிசம்பர் கடைசியில் டெட்ராய்ட்டிலிருந்து டிஸ்னி வேர்ல்டுக்குக் குழந்தைகளோடு காரில் போகலாமா? எப்படித் திட்டமிடுவது?

தாராளமாகப் போகலாம். நாங்கள் மூன்று தடவை போய் வந்திருக்கிறோம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் திட்டப்படி போகாதீர்கள். 22ஆம் தேதி சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆறு மணிக்குக் கிளம்பி, இரவு முழுக்க கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டி, 23 பிற்பகல் டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஆர்லாண்டோ சேர்ந்து, 24 காலையில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்கா என்பதுதான் உங்கள் திட்டம். பின்சீட்டில் ஏழு வயதும் நான்கு வயதும். எங்கள் முதல் பயணம் கிட்டத்தட்ட இதேதான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வரைபடம் ஏறத்தாழ 1,150 மைல், பதினேழு பதினெட்டு மணி நேரம் என்று காட்டும். அது யாருக்கும் ஒன்றுக்கு வராத, பசிக்காத காருக்கான கணக்கு. சின்னக் குழந்தைகள் என்றால் இரண்டரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தியே ஆக வேண்டும். ஒவ்வொரு நிறுத்தமும் அரை மணியை விழுங்கும். இருபத்தொன்று, இருபத்திரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் அதிகம் என்பதுகூடப் பெரிய விஷயமில்லை. எந்த இடத்தில் எந்த நேரத்தில் இருப்பீர்கள் என்று பாருங்கள். சாயங்காலம் ஆறுக்குக் கிளம்பினால், தட்டையான, சுலபமான ஒஹையோவை நன்றாக விழித்திருக்கும்போது ஓட்டி முடித்துவிடுவீர்கள். நள்ளிரவு வாக்கில் லெக்சிங்டன். அதற்குத் தெற்கேதான் கென்டக்கியின் மேடுபள்ளங்கள் ஆரம்பம். இரவு இரண்டு மணிக்கு ஜெல்லிகோ மலை, அதாவது டென்னசி எல்லை. நாலு, நாலரைக்கு சட்டனூகாவுக்கு வடக்கே ஹைவாஸி ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஏழு, எட்டு மணிக்கு அட்லாண்டா, சரியாக ஆபீஸ் நேரத்துக்கு. இந்த வழியின் சிரமமான இடம் ஒவ்வொன்றுக்கும் அதன் மோசமான நேரத்தைத் தேடிப் பிடித்துப் போய்ச் சேர்கிறீர்கள்.

அந்தப் பள்ளத்தாக்கை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், கால்ஹூன் என்ற சிற்றூரின் பக்கத்தில் 1990 டிசம்பர் 11 அன்று காலையில் திடீரென்று இறங்கிய மூடுபனியில் 99 வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. 12 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே மூடுபனியைக் கண்டுபிடிக்கும் கருவிகளையும், வேக வரம்பை மாற்றிக் காட்டும் மின்பலகைகளையும் வைத்தார்கள். அந்தப் பலகை மணிக்கு 35 மைல் என்று காட்டினால் 35தான். முன்னால் சாலை வெறிச்சென்று தெரிகிறதே என்று மிதிக்காதீர்கள்.

இப்போது இதையே திருப்பிப் போடுங்கள். விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். குழந்தைகளைத் தூக்கத்திலேயே தூக்கிக் காரில் வைத்துவிடலாம். டிசம்பர் கடைசியில் எட்டு மணிக்குத்தான் சூரியன் வரும். அந்த மூன்று மணி நேர இருட்டை ஒஹையோவுக்குக் கொடுத்துவிடுங்கள், நேர்சாலை. ஒன்பதரைக்கு சின்சினாட்டி. ஒஹையோ ஆற்றின் மேல் இருக்கும் பிரென்ட் ஸ்பென்ஸ் பாலம் 1963இல் திறந்தது. ஐ-71, நீங்கள் போகும் ஐ-75 என்ற இரண்டு நெடுஞ்சாலைகளின் வண்டிகளும் அதன் மேல்தான் போகின்றன, காலை நெரிசலில் மாட்டினால் பொறுமை போய்விடும். ஒன்பதரை என்றால் ஓரளவு தப்பிக்கலாம். லெக்சிங்டன் பக்கம் மதிய உணவு. ஜெல்லிகோ மலை நல்ல வெயில் நேரத்தில். ஐந்து மணி வாக்கில், இருட்டும் முன்பே, சட்டனூகாவில் ஹோட்டல். அறுநூற்றுச் சொச்சம் மைல் முடிந்தது. மறுநாள் மீதி ஐந்நூற்றைம்பது. காலை எட்டுக்குக் கிளம்பினால் அட்லாண்டாவைப் பத்து மணிக்குக் கடக்கலாம், சாயங்காலம் ஆர்லாண்டோ. வழி முழுக்க ஒரே நேர மண்டலம்தான், கடிகாரத்தைத் திருப்பும் தொல்லை இல்லை.

சட்டனூகா ஹோட்டலை, முதல் நாள் மதியம் வரை ரத்து செய்யக்கூடியதாகப் பதிவு செய்யுங்கள். பத்து டாலர் மிச்சம் என்று ரத்து செய்ய முடியாத அறையை எடுக்காதீர்கள். காரணம் கீழே.

எங்கள் முதல் பயணக் கதை இதுதான். உறைமழை, அதாவது சாலையில் விழுந்ததும் பனிக்கட்டியாக உறையும் மழை, வரும் என்று எச்சரிக்கை வந்திருந்தது. ஆனால் டிஸ்னி டிக்கெட்டில் மறுநாளுக்கு மறுநாள் தேதி. ஹோட்டலுக்குப் பணம் கட்டியாயிற்று, பெண் ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். "பார்த்து மெதுவாகப் போகலாம்" என்று கிளம்பிவிட்டோம். லெக்சிங்டனைத் தாண்டியதும் ஒரு சின்னப் பாலம். சாலை வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. கார் பக்கவாட்டில் வழுக்கிப் போய், தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாலத்துக்கு அடியிலும் காற்று போவதால் சாலைக்கு முன்பே பாலம் உறைந்துவிடும். அதை எழுதிய பலகையை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே கடந்திருக்கிறேன். அன்று எங்களை ஓட்டியது டிக்கெட்டின் தேதிதான்.

அதனால் நான் சொல்ல வந்த ஒரே விஷயம்: வழியில் ஒரு முழு நாளைச் சும்மா விடுங்கள். 24ஆம் தேதி முதல் பூங்கா நாள் என்றால் 21 காலையில் கிளம்புங்கள். 22 சாயங்காலம் சேர்ந்துவிட்டால் 23 வீணாகாது: ஹோட்டல் நீச்சல் குளம், துணி துவைத்தல், இல்லை டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைத்தெரு. அதற்கு நுழைவுச் சீட்டு வேண்டாம், கார் நிறுத்தவும் காசு இல்லை. வானிலை கெட்டால் அந்த ஒரு நாளை வீட்டிலேயோ சட்டனூகாவிலேயோ செலவழிப்பீர்கள், அவ்வளவுதான். லீவு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்காது என்றால் பூங்கா நாளில் ஒன்றைக் குறையுங்கள். டிஸ்னி வேர்ல்டின் நாலு பூங்காவையும் பார்த்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு மேஜிக் கிங்டமும் அனிமல் கிங்டமுமே அதிகம்.

வானிலையைப் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கிளம்பும் ஊரையும் சேரும் ஊரையும்தான் பார்ப்பார்கள். டொலீடோ, சின்சினாட்டி, ஜெல்லிகோ, சட்டனூகா, மேக்கன் என்று ஐந்து இடத்தைக் குறித்துக்கொண்டு, நீங்கள் அங்கே இருக்கப்போகும் மணிக்கான முன்னறிவிப்பைப் பாருங்கள். மூன்று நாள் முன்பிருந்து பார்த்தால் போதும். பத்து நாள் முன்னறிவிப்பைப் பார்த்துக் கவலைப்படுவது வெட்டி வேலை. பனி என்றால் நான் அவ்வளவு பயப்பட மாட்டேன், தள்ளிவிடுவார்கள், உப்புப் போடுவார்கள். உறைமழை என்றிருந்தால் கிளம்பவே மாட்டேன். அப்புறம், ஒஹையோவில் மாவட்டத்துக்கு மாவட்டம் ஷெரிஃப் பனி அவசரநிலை அறிவிப்பார், ஒன்று முதல் மூன்று வரை. மூன்றாம் நிலை என்றால் அவசர வேலை இல்லாதவர்களுக்குச் சாலை மூடியாயிற்று என்று அர்த்தம். மீறி ஓட்டினால் கைது செய்யவும் முடியும்.

"நாம் மிச்சிகன்காரர்கள், நமக்குத் தெரியாத பனியா" என்ற நினைப்பு இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 2014 ஜனவரி 28 அன்று அட்லாண்டாவில் விழுந்தது இரண்டு அங்குலம் சொச்சம் பனிதான். ஆயிரக்கணக்கானவர்கள் இரவு முழுக்க நெடுஞ்சாலையில் காருக்குள்ளேயே கிடந்தார்கள். முன்னால் நிற்கும் லாரி நகராதபோது நம் திறமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாஷிங்டன் பக்கமிருந்து ஐ-95 வழியாக வருகிறவர்களுக்கும் இதே கதைதான்: 2022 ஜனவரி 3 அன்று வர்ஜீனியாவில் அந்தச் சாலை ஒரு நாளுக்கு மேல் அடைபட்டது, செனட்டர் டிம் கெய்ன் 27 மணி நேரம் மாட்டிக்கொண்டார்.

ஆக, காரில் ஓர் இரவைக் கழிக்க முடிகிற மாதிரி ஏற்பாடு வேண்டும். ஆளுக்கொரு கம்பளி, தண்ணீர், கொறிக்க ஏதாவது, டார்ச், சின்ன மண்வாரி, செல்போனுக்குச் சார்ஜ். பெட்ரோல் பாதி டாங்கிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். மாட்டிக்கொண்டால் மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டால் போதும், ஆனால் அதற்கு முன் இறங்கிப் போய்ப் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மூடியிருந்தால் விஷவாயு உள்ளே வரும். இந்தச் சாமான்களை டிக்கியின் அடியில், எட்டுப் பெட்டிக்குக் கீழே வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் நானும் ஒருவன்.

தடிமனான குளிர் கோட்டோடு குழந்தையைக் கார் சீட்டில் கட்டாதீர்கள். பட்டை இறுகியது போலத் தெரியும், விபத்தில் கோட்டு அமுங்கி பட்டை தொளதொளவென்று ஆகிவிடும். கோட்டைக் கழற்றி, பட்டையை மாட்டி, அதன் மேல் கோட்டைப் போர்த்திவிடுங்கள். கார் சூடாக ஐந்து நிமிடம், அதுவரை அழுகை, சகித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்னி பற்றி இரண்டு விஷயம் மட்டும். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரைதான் அங்கே கூட்டமும் விலையும் உச்சியில் இருக்கும். பள்ளியில் அனுமதி கிடைத்தால் டிசம்பர் முதல் பாதி எவ்வளவோ மேல். அந்த மாதத்தில் சில நாள் மேஜிக் கிங்டமில் தனிச்சீட்டு வாங்கும் கிறிஸ்துமஸ் விருந்து நடக்கும். சாதாரணச் சீட்டுக்காரர்களை ஆறு மணிக்கு அனுப்பிவிடுவார்கள். அதனாலேயே பலர் அந்த நாட்களைத் தவிர்ப்பார்கள், பகலில் கூட்டம் குறைவாக இருக்கும். சின்னக் குழந்தைகளோடு ஆறு மணிக்கு வெளியே வருவது நமக்கு நஷ்டமே இல்லை.

இரண்டாவது, வரிசையைக் குறைக்கும் லைட்னிங் லேன். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் வந்து சேரும் நாளுக்கு ஏழு நாள் முன்பே, தங்கும் நாட்கள் முழுவதுக்கும் பதிவு செய்யலாம். வெளியே தங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு பூங்கா நாளுக்கும் மூன்று நாள் முன்பு, காலை ஏழு மணிக்கு. 24க்கு மூன்று நாள் முன்பு 21. அன்று காலை ஏழு மணிக்கு நீங்கள் ஒஹையோவில் எங்கோ ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். இதைக் காலண்டரில் இப்போதே எழுதி, ஆறே முக்காலுக்கு ஒரு ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்துங்கள். எந்தச் சவாரி என்று முதல் நாள் இரவே முடிவு செய்துவிடுங்கள். வீட்டிலேயே குழந்தைகளின் உயரத்தையும் அளந்துவிடுங்கள்: ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குலம், செவன் ட்வார்ஃப்ஸ் ரயிலுக்கு 38, ட்ரானுக்கு 48. வரிசையின் வாசலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பும்போது வரும் அழுகை, கோட்டு அழுகையைவிடப் பெரியது.

ஃப்ளோரிடா எல்லை தாண்டியதும் வரவேற்பு மையத்தில் ஆரஞ்சுச் சாறு இலவசமாகத் தருவார்கள். நிறுத்துங்கள், குழந்தைகளுக்கு அதுதான் "வந்துவிட்டோம்". அங்கேயிருந்து இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டாம். வைல்ட்வுட்டில் ஐ-75ஐ விட்டு டர்ன்பைக், பிறகு 429ஆம் எண் சாலை. இரண்டுமே டோல் சாலை, ஈ-இசட் பாஸ் செல்லும். வெயிலூர் என்று நம்பி அரைக்கால் சட்டை மட்டும் கொண்டு போகாதீர்கள். ஜனவரியில் பகல் சராசரி எழுபது ஃபாரன்ஹீட்டுக்குக் கொஞ்சம் மேல், ஆனால் 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆர்லாண்டோவே உறைநிலைக்கு இறங்கியது.

திரும்பி வருவதை யாருமே திட்டமிடுவதில்லை. போகும்போது இருக்கிற உற்சாகம் இருக்காது, கையில் காசும் இருக்காது, மறுநாள் வேலை. அதற்கும் ஒரு நாள் தளர்த்தி வையுங்கள். டயர் காற்றையும் பாருங்கள்: வெப்பம் பத்து டிகிரி ஃபாரன்ஹீட் மாறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ மாறும். மிச்சிகனில் இருபது டிகிரியில் சரியாக அடித்தது ஆர்லாண்டோவில் எழுபதில் ஐந்து கூடுதலாகக் காட்டும். அங்கே இறக்கிவிட்டால் வடக்கே வரும்போது மறக்காமல் திரும்ப அடியுங்கள்.

கண்ணாடி கழுவும் திரவமும் அப்படித்தான். இரண்டாவது பயணத்தில் எல்லாம் சரியாகச் செய்தோம் என்ற பெருமையோடு திரும்பி வந்தோம். ஜார்ஜியாவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில், பூச்சிக் கறை போகும் என்று எழுதியிருந்த நீலத் திரவத்தை டாங்கி நிறைய ஊற்றினேன். ஒஹையோவில் டேட்டன் பக்கம் வந்தபோது முன்னால் போன லாரி உப்புச் சேற்றை அள்ளி வீசியது. பொத்தானை அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை. குளிர்காலத்துக்கான திரவத்தின் பாட்டிலில் எத்தனை டிகிரி வரை உறையாது என்று எழுதியிருக்கும். தெற்கே விற்பது பெரும்பாலும் அந்த வகை இல்லை. அடுத்த வெளியேறும் வழி வரை ஓரமாக ஊர்ந்து போய், குடிதண்ணீர் பாட்டிலை ஊற்றி ஊற்றிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.