கான்சாகிபுக்கு எத்தனை மார்க்?

அன்புள்ள ஐயா,
உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைப் பாளையக்காரர் போர்கள் பற்றிப் படிக்கவும் எழுதவும் வைக்க ஆசை. ஆனால் எல்லாக் கட்டுரையிலும் 'மாவீரன்', 'வீரமரணம்' என்றே வருகிறது. என்ன புத்தகம் கொடுக்கலாம்? சினிமா போட்டுக் காட்டலாமா?

அன்புள்ள டீச்சர்,
சினிமா வேண்டாம். வசனம் மனப்பாடமாகும், அப்புறம் கட்டுரையிலும் அதுதான் வந்து நிற்கும். புத்தகத்துக்கு உங்கள் ஊர் நூலகரைக் கேளுங்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். 'மாவீரன்' என்று எழுதியவனுக்கு முழு மார்க் போட்டது யார்? நீங்கள்தானே?

கொஞ்ச நாளாக எனக்குக் கான்சாகிபு என்கிற யூசுப்கான் நினைப்பு. அதனால்தான் உடனே எழுதுகிறேன். மதுரையை விட்டுவிட்டு எல்லோரும் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறுக்கே ஓடுகிறோம். கான்சாமேட்டுத் தெருவில் தினம் நடப்பவர்களுக்கே கான்சா யாரென்று தெரியாது. கும்பினியின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின், சிப்பாய்ப் படைக்குத் தளபதி அவர். 1761இல் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலைப் பிடித்ததும் அவர்தான். இரண்டே வருடத்தில் அதே கும்பினியை எதிர்த்து மதுரைக் கோட்டைக்குள் நின்றார். 1763இல் முற்றுகையிட்டவர்களை மழை விரட்டியது. 1764இல் திரும்ப வந்தார்கள். மோதிப் பார்த்து முடியாமல், உள்ளே உணவு போகும் வழியை அடைத்தார்கள். கடைசியில் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள், மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரனும் சேர்ந்து. அக்டோபர் 15இல் தூக்கு.

பூலித்தேவர் கட்டுரையில் இவர் கும்பினியின் கையாள், மதுரைக் கட்டுரையில் கும்பினிக்கு எதிரி. ஒரே பையன் இரண்டையும் எழுதட்டும். 'மாவீரன்' என்பதை எதில் வைப்பது என்று முழிப்பான். நன்றாக முழிக்கட்டும், நீங்கள் உதவிக்குப் போகாதீர்கள். ஹில் என்பவர் 1914இல் யூசுப்கான் வரலாற்றை எழுதியதே பெரும்பாலும் கும்பினிக்காரர்களின் எழுத்தை வைத்துத்தான். தூக்கில் போட்டவன் எழுதிவைத்ததை எப்படிப் படிப்பது என்று கேளுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு இது அதிகமில்லை.

என் வாத்தியார் ஒருவர் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் மிச்சமிருக்கும் கோட்டைத் துண்டுக்கு எங்களைக் கூட்டிப் போனார். கோட்டைக்குள் ஒரு வீட்டில் அன்றைக்கு என்ன சமைத்திருப்பார்கள், எழுதுங்கடா என்றார். பக்கத்தில் இருந்தவன் கறிச்சோறு என்று எழுதினான். "முற்றுகை போட்ட ஊரில் உனக்குக் கறிச்சோறா?" என்று காதைத் திருகிவிட்டு, அரிசி எந்த வாசல் வழியாக வந்திருக்கும் என்று அவனையே யோசிக்க வைத்தார். போர் அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. இப்போது இதைச் செய்தால் சிலபஸ் முடியாது என்பீர்கள். முடியாவிட்டால் போகிறது.

மதுரை சம்மட்டிபுரத்தில் யூசுப்கான் அடக்கமான இடம் இருக்கிறது. உசிலம்பட்டி பஸ் அந்தப் பக்கமாகத்தான் வருகிறது, கூட்டிப் போங்கள். இந்தத் தடவை 'மாவீரன்' என்று எழுதினவனுக்கு மார்க்கைக் குறைத்துவிடாதீர்கள். கொடுத்துப் பழக்கியது நீங்கள்.