ஹெரால்டில் துரு: பட்டி போடும் முன் தகட்டைக் கண்ணால் பாருங்கள்

திருநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மாமனார் கொடைக்கானலில் ஓட்டிய 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு கார், எட்டு வருடமாகத் தகரக் கொட்டகையில் நிற்கிறதாம். கதவுக்குக் கீழே ஓடும் தகடு உதிர்ந்துவிட்டது, டிரைவர் கால் வைக்கும் இடத்தில் ஓட்டை. டிங்கரிங் பட்டறையில் பத்து நாளில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பி மட்டமாக்கும் பசை, போட்டு பெயிண்ட் அடித்துத் தருகிறோம் என்கிறார்கள். ஒரு புரோக்கர், பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வேறு பாடியே வாங்கி மாட்டிவிடலாம் என்கிறார். எதைச் செய்வது?

இரண்டுமே வேண்டாம்.

முதலில் ஒரு நல்ல செய்தி. ஹெரால்டுக்குத் தனி சேசிஸ், அதாவது பாரம் தாங்கும் அடிச்சட்டம், உண்டு, பாடி அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டியது. நீங்கள் பயப்படும் அந்தக் கதவடித் தகடு வெறும் மூடிதான், அது போனாலும் வண்டி உட்கார்ந்துவிடாது. இதே சேசிஸைக் குட்டையாக்கி 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரில் அந்தத் தகடு பாரம் தாங்கும், அந்த வண்டியின் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கலங்காதீர்கள். உங்கள் வண்டிக்கு நோய் இருந்தால் அடியில் இருக்கும். டார்ச்சும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு கீழே படுத்து, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள். ‘டங்’கென்று சத்தம் வந்தால் இரும்பு இருக்கிறது. முனை உள்ளே இறங்கினால் அந்தக் கையை மாற்றத்தான் வேண்டும்.

இப்போது பட்டி. போன வருடம் என் பட்டறைக்கு ஒரு பழைய கார் வந்தது, மெரூன் கலர், கண்ணாடி மாதிரி பளபளப்பு. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைப் பின்சக்கரத்துக்கு மேலே வைத்தேன், வழுக்கிக் கீழே விழுந்தது. உளியால் தட்டினால் விரல் பருமன் பட்டி, அதற்குள்ளே நாலாக மடித்த செய்தித்தாள், அதில் ஜவுளிக்கடை விளம்பரம் அப்படியே படிக்கும்படி இருந்தது. தகடே இல்லை! விற்ற ஆள் அந்த வண்டிக்கு ‘ஃபுல் ரெஸ்டோரேஷன்’ என்று சொல்லிக் காசு வாங்கியிருக்கிறார். பட்டி தண்ணீரை உறிஞ்சும், அதையும் நம் ஊரில் வாட்டர் பேப்பர் போட்டு நனைத்து நனைத்துத் தேய்த்து, காய்வதற்குள் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். ஐப்பசி மழை வந்தால் கொப்புளம் கிளம்பும்.

ஆகவே துருப்பிடித்த தகட்டை நல்ல இரும்பு தெரிகிறவரை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். பாடிக்கு 20 கேஜ் சி.ஆர். (கோல்டு ரோல்டு) தகடு, சேசிஸ் கைகளுக்கு அதைவிடப் பருமனான 16 கேஜ். கேஸ் வெல்டிங் வேண்டாம், சூட்டில் தகடு நெளியும். கார்பன் டை ஆக்சைடு வாயுவில் செய்யும் சி.ஓ.டூ வெல்டிங்கில் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைக்க வேண்டும். கதவு மாட்டியே இருக்கட்டும், ஒரு பக்கம் முடித்து, கதவு இடுக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்தபிறகு மறுபக்கம். தேய்த்த தகட்டுக்கு அன்றைக்கே எப்பாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு. வெறும் தகட்டை நீங்கள் நேரில் போய்ப் பார்த்தபிறகு அடுத்த தவணைப் பணம் கொடுங்கள், போட்டோவை நம்பவேண்டாம்.

வெட்டக் கூடாத இடம் ஒன்றே ஒன்று, அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சேசிஸ் நம்பர் இருக்கும் இடம். ஆர்.சி.யோடு ஒப்பிட்டு அது எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள், பென்சிலால் தேய்த்து பிரின்ட் எடுத்து வையுங்கள், சுற்றி சாக்பீஸில் கட்டம் போடுங்கள். அங்கே கிரைண்டர் கூடாது, உளி கூடாது, பட்டி கூடாது. சுற்றிலும் துரு இருந்தாலும் கையால் பிரஷ் போட்டு, துரு கரைக்கும் திரவம் தடவித் துடைத்தால் போதும். எழுத்து அழிந்துவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள், உடனே ஒரு ஏஜென்ட் வந்து ‘நம்பரைப் புதுசா குத்திடலாம், இல்லாட்டி செத்த வண்டி புக் ஒண்ணு இருக்கு’ என்பார், அதாவது உடைத்துப்போட்ட வேறு வண்டியின் ஆர்.சி. இரண்டுமே குற்றம், மாட்டுவது நீங்கள்.

புரோக்கரின் பாடி யோசனையும் இங்கேதான் அடிபடுகிறது. 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜாகப் பதியலாம், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும், அன்றாடம் ஓட்ட முடியாது. ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. உதிர்ந்த தகட்டுக்கு அதே வடிவில் ஒட்டுப் போடுவது எங்கே முடிகிறது, மாற்றம் எங்கே தொடங்குகிறது என்று ஒரு வரி தெளிவாக எழுதியிருந்தால் எத்தனை பேர் ஏஜென்ட் வாசலில் நிற்காமல் தப்பியிருப்பார்கள்! எழுதவில்லை. அதனால் வேலை தொடங்கும் முன்பும், ஒவ்வொரு ஒட்டுக்குப் பிறகும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

மழைக்காலத்தில் ஆரம்பிக்க வேண்டாம், தை பிறக்கட்டும். அதுவரை வண்டியை மண்தரையிலிருந்து கல் வைத்துத் தூக்கி நிறுத்துங்கள், கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள், உள்ளே கிடக்கும் கால்மிதி விரிப்பை இன்றைக்கே எடுத்து வெயிலில் போடுங்கள்.