ஆமிஷ் ஊர்ப்பக்கம் தம்பதியாக இரண்டு நாள் போய்வரலாமா?

கேள்வி: "நியூ ஜெர்சியில் இருக்கிறோம். நானும் மனைவியும் மட்டும் ஒரு வார இறுதிக்குப் பென்சில்வேனியாவின் ஆமிஷ் பகுதிக்குப் போகலாம் என்று யோசிக்கிறோம். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சரிப்பட்டு வருமா?"

தாராளமாகப் போகலாம். ஆமிஷ்காரர்கள் என்றால், பொது மின்கம்பி இணைப்பும் சொந்தக் காரும் வேண்டாமென்று எளிமையாக வாழும் ஒரு கிறிஸ்தவச் சமூகத்தினர். நானும் என் கணவரும் இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் போகிற இடம் அவர்கள் வாழும் லான்காஸ்டர் கவுன்டி (மாவட்டம் மாதிரி). ஒரே ஒரு யோசனை: சனிக்கிழமை மெதுவாகக் கிளம்பாமல், முடிந்தால் வெள்ளி மதியமே கிளம்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆமிஷ்காரர்கள் எதையும் விற்கமாட்டார்கள். கடை, சந்தை, சாலையோரக் காய்கறி மேசை எல்லாமே மூடியிருக்கும். வாங்குவது, சாப்பிடுவது எல்லாவற்றையும் சனிக்கிழமைக்குள் முடித்துக்கொண்டு, ஞாயிறைச் சும்மா சுற்ற வைத்துக்கொண்டால் இந்தப் பயணம் அருமையாக இருக்கும்.

எடிசன் பக்கமிருந்து சுமார் இரண்டரை மணி நேரம். பென்சில்வேனியா டர்ன்பைக் என்னும் சுங்கச் சாலையில் வந்து மார்கன்டவுனில் இறங்கி, 10-ஆம் எண் சாலையில் தெற்கே வந்து 340-இல் மேற்கே திரும்புங்கள். கூகுள் சில சமயம் 30-ஆம் எண் சாலைக்குத் தள்ளிவிடும். அதில் அவுட்லெட் கடைகளும் சிக்னல்களும்தான். 340-இல்தான் இன்டர்கோர்ஸ், பேர்ட்-இன்-ஹேண்ட் ஊர்கள் வரும். இவற்றில் சுற்றுலாக் கூட்டம் உண்டு. பக்கத்துச் சந்துச் சாலை எதிலாவது திரும்பி ஐந்து நிமிடம் ஓட்டினால் போதும், கூட்டமெல்லாம் பின்னால் போய்விடும்.

தங்குவதற்கு ஹோட்டல் வேண்டாம், பண்ணை வீடு பாருங்கள். விருந்தினர்களுக்கு அறை விடும் பண்ணைகளில் பல, மெனோனைட் என்னும் இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினருடையவை. அவர்களும் ஆமிஷ்காரர்களும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள். 1693 வாக்கில் யாக்கோப் அம்மான் என்பவர் தலைமையில் பிரிந்துபோனவர்கள்தான் ஆமிஷ். மெனோனைட்டுகளில் பலர் மின்சாரமும் காரும் வைத்திருப்பார்கள், அதனால் உங்களுக்கு வசதிக் குறைவு இருக்காது. நாங்கள் தங்கிய ஒரு பண்ணையில், கன்றுக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுக்க ஆசையா என்று வீட்டம்மா காலையில் வந்து கேட்டார். என் கணவர் மதுரைப் பக்கம் மாடு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அமெரிக்கா வந்தபிறகு பார்த்ததில்லை.

ஆமிஷ் பண்ணைகளில் இன்னும் கையால்தான் பால் கறக்கிறார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். கொட்டகையில் டீசல் எஞ்சின் ஓடும், அதை வைத்துக் கறவை இயந்திரமும் பால் குளிரூட்டியும் ஓடும். தச்சுப்பட்டறையில் ரம்பம் அழுத்தக் காற்றில் இயங்கும், வீட்டு ஃபிரிட்ஜ் புரொப்பேன் வாயுவில். தொலைபேசி பல இடங்களில் வீட்டுக்குள் இருக்காது, வெளியே ஒரு சின்னக் கூண்டில் இருக்கும். கார் சொந்தமாக வைத்துக்கொள்ளமாட்டார்கள், ஆனால் வாடகைக்கு ஆள் வைத்துக் காரில் போவார்கள். ஒரு பொருள் வீட்டுக்குள் வந்தால் குடும்பமும் சபையும் சேர்ந்திருப்பதை அது கலைக்குமா என்று பார்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அந்த நிதானத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. எங்கள் வீட்டில் எந்தப் பொருளையும் அப்படி யோசித்து நாங்கள் உள்ளே விட்டதில்லை.

சனிக்கிழமை காலை லான்காஸ்டர் நகரத்து சென்ட்ரல் மார்க்கெட்டில் தொடங்குங்கள். செவ்வாய், வெள்ளி, சனி மட்டும்தான் திறப்பார்கள். இப்போதுள்ள செங்கல் கட்டடம் 1889-இல் கட்டியது. அங்கிருந்து ஸ்ட்ராஸ்பர்க் போய் நீராவி ரயிலில் ஏறலாம், போய்வர முக்கால் மணி நேரம். குழந்தைகளுக்கானது என்று ஒதுக்கிவிடாதீர்கள், ரயில் சோள வயல்களுக்கு நடுவே போகிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது சாலையோர மேசைகள்தான். ஒரு வீட்டு வாசலில் தக்காளியும் பீச்சும் வாங்கினோம். விற்றது ஒரு சிறுமி. பத்து வயது இருக்கும், கரும்பச்சை உடை, செருப்பில்லாத கால். பழுப்புக் காகிதப் பையின் மேலேயே பென்சிலால் கணக்குப் போட்டு, மீதியை எண்ணி என் கையில் வைத்துவிட்டு, "பீச் நாளைக்குத்தான் பழுக்கும், இன்றைக்குச் சாப்பிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள் அந்தப் பெண். ஓரறைப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு அவர்கள் படிப்பு முடிகிறது. 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்கு அனுமதி தந்தது. அது சரியா என்று எங்களுக்குள் காரில் வெகுநேரம் வாக்குவாதம் ஓடியது. பெண் குழந்தைகளுக்கு எட்டோடு நிறுத்துவதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

சைவச் சாப்பாடு கொஞ்சம் சிரமம்தான். ஒரே மேசையில் சேர்ந்து உட்கார்ந்து பாத்திரங்களைக் கைமாற்றிச் சாப்பிடும் உணவகங்களில் பீன்ஸில்கூட பன்றி இறைச்சி கிடக்கலாம், கிரேவியும் இறைச்சிச் சாறுதான். கேட்டு வாங்குங்கள். வெண்ணெய் நூடுல்ஸ், சோளம், சௌ-சௌ என்னும் காய்கறி ஊறுகாய், ரொட்டியில் தடவ ஆப்பிள் பட்டர் என்னும் பழக்கூழ் இவற்றை வைத்து வயிறு நிறைக்கலாம். ஷூஃப்ளை பை (pie) என்னும் இனிப்புப் பண்டத்தில் வெல்லப்பாகு வாசனை அடிக்கும், ஆனால் மேலோட்டு மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பவர்களும் உண்டு, அதையும் கேளுங்கள். கையால் முறுக்கிச் சுடச்சுடத் தரும் பிரெட்செல் ரொட்டியை மட்டும் தவறவிடாதீர்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குள் காரை எடுங்கள். ஆமிஷ்காரர்களுக்குத் தேவாலயக் கட்டடம் கிடையாது. ஒவ்வொரு சபையும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் யாராவது ஒருவர் வீட்டில் கூடி மூன்று மணி நேரம் வழிபடும். சாம்பல் நிறக் கூண்டு வைத்த குதிரை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். ஏதாவதொரு பண்ணை முற்றத்தில் அவை வரிசையாக நிற்கும். மாலையில் திறந்த வண்டிகளில் இளவட்டங்கள் பாட்டுக் கூட்டத்துக்குப் போவார்கள். மேட்டுச் சாலையில் ஏறும்போது வேகத்தைக் குறையுங்கள், மறுபக்கம் வண்டி இருக்கலாம். ஹார்ன் அடிக்காதீர்கள், குதிரை மிரளும். இடம் விட்டு மெதுவாகத் தாண்டுங்கள்.

முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள், அவர்கள் மதநம்பிக்கைக்கு அது விரோதம். வயலையும் வானத்தையும் எடுங்கள். 2006 அக்டோபரில் நிக்கல் மைன்ஸ் பள்ளியில் ஐந்து சிறுமிகள் சுட்டுக் கொல்லப்பட்ட இடத்தைத் தேடிப் போவோரும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கொன்றவனின் குடும்பத்தையும் அன்றே தேடிப்போய் ஆறுதல் சொன்ன மக்கள் அவர்கள். அந்தப் பள்ளியையே இடித்துவிட்டார்கள்.

எப்போது போவது என்றால், கோவேறு கழுதைகள் ஏர் இழுப்பதைப் பார்க்க ஏப்ரல், புகையிலை அறுத்துக் கொட்டகையில் தொங்கவிடுவதைப் பார்க்க ஆகஸ்ட் கடைசி. அக்டோபரில் கூட்டம் அதிகம், அறை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். மேசைகளில் வாங்கச் சில்லறை நோட்டாகக் கொண்டுபோங்கள், பல இடங்களில் கார்டு எடுக்கமாட்டார்கள். டிக்கியில் ஒரு ஐஸ் பெட்டியும் இருக்கட்டும், வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வாங்காமல் திரும்பமாட்டீர்கள்.