கட்டமா, பருவமா?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவுக்காகப் பட்டுப்புழு வளர்ப்பு பற்றித் துண்டறிக்கை எழுதுகிறேன். 'பல கட்டப் பணி' என்று போட்டிருந்தேன். 'கட்டமென்றால் ஜாதகக் கட்டமா?' என்று மாமனார் கேலி செய்கிறார். கட்டம், பருவம், படி, எது சரி?
- வாசகி, பாலக்கோடு

பதில்: மாமனார் கேலியிலும் விஷயம் இருக்கிறது. ஜாதகமோ தாயமோ, கோடு போட்டுப் பிரித்தால்தான் கட்டம். வேலையிலும் அப்படியே: ஒன்று முடியவேண்டும், அப்புறம்தான் அடுத்தது. 2019 டிசம்பரில் நம் பக்கத்து ஊராட்சித் தேர்தல் 27, 30 தேதிகளில் இரண்டு கட்டமாக நடந்ததே, அதுபோல. மல்பெரி நடுவது, புழு வளர்ப்பது, கூடு எடுப்பது, தருமபுரி அங்காடியில் ஏலம் விடுவது, இவையெல்லாம் கட்டம்தான். தாராளமாகப் 'பல கட்டப் பணி' என்று எழுதுங்கள். 'பன்முகப் பணி' மட்டும் வேண்டாம்; அது ஒரே நேரத்தில் பல பக்கம் பார்க்கிற வேலை.

ஆனால் புழுவுக்குக் கட்டம் போடாதீர்கள். அதற்குப் பருவம். பொரித்த நாளிலிருந்து கூடு கட்டும்வரை ஐந்து பருவம், இடையில் நான்கு தோலுரிப்பு. முதல் இரண்டு பருவத்தைச் சாக்கி எனப்படும் இளம்புழு வளர்ப்பு மையத்திலேயே வளர்த்துத் தருகிறார்கள். எங்கள் வீட்டிலும் புழு வளர்த்திருக்கிறோம். தோலுரிக்கப் போகும் புழு தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும், இலையைத் தொடாது. அந்த நேரம் சுண்ணாம்புத் தூள் தூவிப் படுக்கையை உலர விடுவோம். நாலு புழு முந்தி எழுந்துவிட்டதே என்று இரக்கப்பட்டு இலை போட்டால் போச்சு. அவை தின்று பெருக்கும், மற்றவை பின்தங்கும், கூடு கட்டுவதும் முன்னே பின்னே ஆகிவிடும். துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் வரவேண்டியது இதுதான். மொத்த இலையில் 80 சதவீதத்துக்கு மேல் ஐந்தாம் பருவத்திலேயே தீர்ந்துவிடும் என்பதையும் சேருங்கள். தோட்டத்தில் இலை இருக்கிறதா என்று பார்த்துத்தான் முட்டைத் தொகுதி வாங்கவேண்டும்.

'படிப்படியாக' என்பதில் கோடு கிடையாது. கூட்டின் விலை படிப்படியாக ஏறியது என்போம். எங்கே நின்றது, எங்கே தொடங்கியது என்று காட்ட முடியாது. நிலை? அதைக் குரூப் 1 எழுதுகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள்: முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு.

போர்வெல் கடையில் மட்டும் தமிழ் வேண்டாம். 'பத்து ஸ்டேஜ் மோட்டார்' என்றே கேளுங்கள். 'பத்துக் கட்ட மோட்டார்' என்றால் கடைக்காரர் உங்கள் மாமனாரைவிட அதிகமாகச் சிரிப்பார்.