வெளிநாட்டில் மோட்டார் சைக்கிள் சுற்றுலா: திட்டமிடுவோருக்கான கேள்வி பதில்

கேள்வி: முதன்முறையாக வெளிநாட்டில் இரண்டு வாரம் மோட்டார் சைக்கிளில் சுற்ற விரும்புகிறேன். எந்த வண்டியை வாடகைக்கு எடுப்பது என்பதிலிருந்து தொடங்கலாமா?

பதில்: வண்டித் தேர்வு கடைசியில் வரட்டும். பருவத்தையும் ஓட்டுநர் உரிமத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள். இவை இரண்டும் சரியாக அமையாவிட்டால் எவ்வளவு நல்ல வண்டியும் பயன்படாது. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,700 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. வடகிழக்குப் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அந்தப் பாதை குளிர்காலம் முழுவதும் மூடிக் கிடக்கும். ருமேனியாவின் டிரான்ஸ்பகரஷான் பாதையின் உச்சிப் பகுதி பல ஆண்டுகளில் ஜூன் இறுதி வரையிலும் திறப்பதில்லை. ஆல்ப்ஸ் மலைக்கு ஜூன் பிற்பகுதியோ செப்டம்பர் முற்பகுதியோ ஏற்றது என்பது என் கருத்து. ஆகஸ்டில் விடுமுறைக் கூட்டம் வளைவுகளையெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஒன்று வாங்கிவிட்டால் எல்லா நாட்டிலும் ஓட்டலாம் அல்லவா?

பதில்: ஓட்ட முடியாது. இந்த அனுமதி 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தப்படி ஒருவகையாகவும், 1968ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தப்படி வேறுவகையாகவும் வழங்கப்படுகிறது. ஜப்பான் முதல் வகையை மட்டுமே ஏற்கிறது. வியட்நாம் இரண்டாவது வகையைக் கேட்கிறது. ஆகவே, நீங்கள் செல்லும் நாடு எந்த ஒப்பந்தத்தைச் சார்ந்தது, உங்கள் உரிமத்தை வழங்கிய நாடு எந்த வகை அனுமதியைத் தருகிறது என்ற இரண்டையும் பொருத்திப் பார்த்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள். அனுமதிப் புத்தகத்தில் மோட்டார் சைக்கிளுக்குரிய ‘ஏ’ பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கார் ஓட்டுவதற்கான ‘பி’ பிரிவில் மட்டும் முத்திரை பெற்றுச் செல்வோர் வண்டி எடுக்கும் இடத்தில்தான் விழிக்கிறார்கள். மூல உரிமம் கையில் இல்லாமல் இந்த அனுமதிக்கு மதிப்பில்லை. ‘உலகம் முழுவதும் செல்லும்’ என்று இணையத்தில் விற்கப்படும் பளபளப்பான அட்டைகளுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: வாடகையிலேயே காப்பீடு சேர்ந்திருக்கிறது என்கிறார்கள். தனியாக வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். வாடகையோடு வருவது வண்டிக்கும் நீங்கள் மோதும் பிறருக்கும் உரியது. உங்கள் எலும்பு முறிந்தால் அதிலிருந்து பொதுவாக எதுவும் கிடைக்காது. மருத்துவச் செலவுக்குப் பயணக் காப்பீடு எடுக்கும்போது, மோட்டார் சைக்கிள் ஓட்டுவது அதில் அடங்குமா, எத்தனை சிசி வரை அடங்கும் என்று விதிகளில் தேடிப் படியுங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளை விலக்கும் திட்டங்கள் நிறைய உள்ளன. உரிய உரிமம் இல்லாமலோ ஹெல்மெட் அணியாமலோ விழுந்தவருக்குப் பணம் தர மறுப்பதற்கும் அந்தச் சிறிய எழுத்துகளிலேயே இடம் வைத்திருப்பார்கள். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கும் செலவு, சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு ஆகிய இரண்டும் இல்லாத திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: சொந்த வண்டியைக் கப்பலில் அனுப்புவது நல்லதா?

பதில்: சில மாதங்கள் சுற்றுவதானால் யோசிக்கலாம், இரண்டு வாரத்துக்கு வாடகைதான் பொருந்தும். ஈரான், எகிப்து போன்ற நாடுகளுக்குள் வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுசெல்ல ‘கார்னே’ எனப்படும் சுங்க ஆவணம் தேவைப்படும். அதற்குப் பெருந்தொகையைப் பிணையாகக் கட்ட வேண்டும். நாட்டை விட்டு வெளியேறும்போது அதில் முத்திரை வாங்கத் தவறினால் அந்தப் பிணைத்தொகை சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவன் நான். ஐரோப்பாவில் வலப்பக்கம் ஓட்டச் சிரமப்படுவேனா?

பதில்: போக்குவரத்து மிகுந்த இடத்தில் முன்னே செல்லும் வண்டிகளே உங்களுக்கு வழிகாட்டிவிடும். பெட்ரோல் போட்டுவிட்டு ஆளில்லாத சாலையில் திரும்பும்போதும், காலையில் விடுதியை விட்டுப் புறப்படும் முதல் நிமிடத்திலும்தான் கை பழைய பக்கத்துக்கே இழுக்கும். பெட்ரோல் டேங்கின் மேல் வலப்பக்கம் காட்டும் ஓர் அம்புக்குறியை ஒட்டிவையுங்கள். குறியீடு இல்லாத சந்திப்புகளில் வலமிருந்து வருபவருக்கு முன்னுரிமை என்பது ஐரோப்பாவின் பல நாடுகளில் உள்ள விதி. சிற்றூர்களில் சந்திலிருந்து வரும் கார் நிற்காமல் நுழைவது அதனால்தான்.

கேள்வி: ஒரு நாளைக்கு 500 கி.மீ. என்று திட்டமிட்டிருக்கிறேன். சரிதானா?

பதில்: நெடுஞ்சாலையில் முடியும், ஆனால் நெடுஞ்சாலையைப் பார்ப்பதற்காகவா அவ்வளவு தூரம் போகிறீர்கள்? மலைப்பாதையில் ஓய்வையும் சேர்த்து மணிக்கு 40 கி.மீ. என்று கணக்கிட்டால், 250 கி.மீ. செல்லவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானத்தில் இறங்கிய அன்று ஓட்டாதீர்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை வண்டியைத் தொடாத நாள் ஒன்றையும் வையுங்கள். மழையால் ஒரு நாள் கெட்டாலும் அது ஈடுகொடுக்கும்.

கேள்வி: வாடகை வண்டியைக் கையில் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: வண்டியை வெளிச்சத்தில் நிறுத்தச் சொல்லி, சுற்றிலும் வீடியோ எடுங்கள். கீழே விழுந்த வண்டியில் முதலில் உரசுபவை பிரேக், கிளட்ச் பிடிகளின் நுனி, கண்ணாடியின் வெளி விளிம்பு, கால்மிதியின் முனை, சைலன்சரின் அடிப்பக்கம் ஆகியவை. இவற்றை ஒவ்வொன்றாக நெருக்கத்தில் படம் பிடியுங்கள். பழைய கீறல்களை ஒப்பந்தத் தாளில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். டயரின் பள்ளங்களுக்குள் தேய்மானத்தைக் காட்டும் சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு அந்த மேடுகளின் மட்டத்தை நெருங்கியிருந்தால் வேறு டயர் கேளுங்கள். செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்துத் தளர்ச்சியைப் பாருங்கள். டயர், சக்கரம், சாவி ஆகியவற்றின் சேதத்தைப் பல ஒப்பந்தங்கள் காப்பீட்டிலிருந்து விலக்குகின்றன என்பதால், பஞ்சரானால் யார் செலவு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கோடையில்தான் போகிறோம். குளிருடை தேவையா?

பதில்: ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். பள்ளத்தாக்கில் 25 டிகிரி இருக்கும்போது புறப்பட்டு 2,000 மீட்டர் ஏறினால், உச்சியில் 12 டிகிரிதான் இருக்கும். ஓடும் வண்டியின் காற்று அதை இன்னும் கடுமையாக உணரவைக்கும். மழையுடையையும் இன்னொரு சோடிக் கையுறையையும் பெட்டியின் மேல்பக்கத்திலேயே வையுங்கள். கனமான பொருள்கள் தாழ்வாகவும், கூடியவரை வண்டியின் நடுவை ஒட்டியும் இருக்கட்டும்.

கேள்வி: சத்தமான சைலன்சர் பொருத்திய வண்டியில் ஆஸ்திரியாவுக்குள் செல்ல முடியுமா?

பதில்: தைரோல் மாநிலத்தின் ராய்ட்டே மாவட்டத்தில், நின்ற நிலையில் 95 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் மோட்டார் சைக்கிள்களுக்குக் குறிப்பிட்ட சாலைகளில் கோடைக்காலத் தடை 2020இல் கொண்டுவரப்பட்டது. வண்டியின் பதிவுச் சான்றில் எழுதியிருக்கும் அளவையே பார்ப்பார்கள் என்பதால், ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் சில வண்டிகளும் அதில் அகப்படுகின்றன. வாடகைக்கு எடுப்பவர்களும் முன்பதிவின்போதே அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் அதிவேக நெடுஞ்சாலைகளில் செல்ல மோட்டார் சைக்கிளுக்கும் சாலை வில்லை (சாலைக் கட்டணம் கட்டியதற்கான ‘விக்னெட்’) வாங்க வேண்டும்; எல்லையைக் கடப்பதற்கு முன்பே அதை வாங்கிவிடுங்கள்.