தம்பி கல்யாணத்தில் பார்ட்டி: வண்டிச் சாவி யார் கையில்?

கேள்வி: ஆவணியில் என் தம்பிக்குக் கல்யாணம். முந்தின நாள் ரிசப்ஷன் முடிந்ததும் நண்பர்களுக்குப் பார்ட்டி வைத்தே ஆக வேண்டும் என்கிறான். முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து எல்லாரும் பைக்கில்தான் வருவார்கள். போன வருஷம் சித்தப்பா மகன் கல்யாணத்தில் இப்படித்தான் ஒரு பையன் திரும்பும்போது பாலத்துச் சுவரில் மோதி, இன்னும் கம்பு ஊன்றி நடக்கிறான். எடுத்துச் சொன்னால், "நீ பயப்படாதக்கா, பசங்க ஸ்டெடி" என்கிறான் தம்பி. பார்ட்டியை நிறுத்த என்னால் முடியாது. போலீஸில் சொல்லிவைக்கலாமா? கல்யாண வீட்டுக்காரர்களே ஆளைப் பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?
- ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, பார்ட்டியை நிறுத்த முடியாது என்று நீங்களே முடிவுக்கு வந்தது நல்லதாகப் போயிற்று. நிறுத்தினால் மண்டபத்தில் நடக்க வேண்டியது பக்கத்துத் தோப்பில் நடக்கும், யார் எவ்வளவு குடித்தான் என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. குடி நல்லதா கெட்டதா என்ற பேச்சை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். குடித்தவன் கையில் அன்று ராத்திரி சாவி இருக்கக் கூடாது. உங்கள் வேலை அந்த ஒன்றுதான்.

முதலில் இந்த "ஸ்டெடி" விவகாரம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் குற்றம். எழுபது கிலோ எடையுள்ள ஆள் ஒரு லார்ஜ் போட்டாலே அந்தக் கோட்டருகே வந்துவிடுவார். ஒரு குவார்ட்டர் உள்ளே போனால் 100ஐத் தொட்டுவிடும். குடித்துப் பழகிய பையனுக்கு அந்த நிலையிலும் கால் பின்னாது, நாக்கு குழறாது. ஆனால் எதிரே லாரி வெளிச்சத்தைப் பார்த்த கண்ணும் பிரேக்கை அழுத்த வேண்டிய கையும் காலும் தாமதமாகத்தான் வேலை செய்யும். தள்ளாடுகிறவனை நாலு பேர் பிடித்து உட்கார வைப்பார்கள். ஸ்டெடியாகத் தெரிகிறவன்தான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான்.

தண்டனைகள் தம்பிக்குத் தெரிந்தே இருக்கும். 2019 சட்டத் திருத்தத்துக்கு முன் 2,000 ரூபாயாக இருந்த அபராதம் இப்போது 10,000; அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து புது அபராதத் தொகைகள் அமலில் இருக்கின்றன. மறுபடி மாட்டினால் 15,000, சிறை இரண்டு வருஷம் வரை. லைசென்ஸையும் முடக்கலாம். பலருக்குத் தெரியாதது 188ஆம் பிரிவு: குடித்தவனை ஓட்டத் தூண்டியவருக்கும் அதே தண்டனை. அதை வைத்துத்தான் பின்னால் உட்கார்ந்து போகிறவர் மேலும் வழக்குப் போடுவோம் என்று சென்னைப் போக்குவரத்து போலீஸார் 2022ல் அறிவித்தார்கள். அப்புறம் இன்சூரன்ஸ். குடித்து ஓட்டி விபத்தானால் வண்டிச் சேதத்துக்குக் காசு வராது. ஊதிப் பார்க்காமல் விட்டிருந்தாலும், மற்ற சாட்சியங்களை வைத்து நிரூபித்து இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்கலாம் என்று 2021ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஐஸ் வாங்க, சோடா வாங்க என்று மாப்பிள்ளையின் பைக்கை யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள், பாருங்கள். ஆர்சி புத்தகத்தில் இருப்பது உங்கள் தம்பி பெயர். இதை மட்டும் அவனிடம் தனியாகச் சொல்லுங்கள், கொஞ்சம் உறைக்கும்.

இத்தனை இருந்தும் ஏன் ஓட்டுகிறார்கள்? மாட்ட மாட்டோம் என்ற தைரியம்தான். போலீஸார் எந்த ரவுண்டானாவில் நிற்பார்கள், எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள் என்பது ஊருக்கே தெரியும். மெயின் ரோட்டில் செக்கிங் என்றால் வாட்ஸ்அப்பில் தகவல் வந்துவிடும், வண்டிகள் ஏரிக்கரை வழியாகப் போய்விடும். விழிப்புணர்வுப் பேரணி என்று காலை பத்து மணி வெயிலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அட்டையைப் பிடிக்கவைத்து நடக்கவிடுகிறோம். சரக்கடிக்கிற ஆள் அந்நேரம் அந்தப் பக்கமே வர மாட்டான். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கில். கடைகளை உள்ளே தள்ளினார்கள். வாடிக்கையாளர் பைக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1982 டிசம்பரில் வேறு மாதிரி செய்தார்கள். சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ, யாரையும் எங்கேயும் நிறுத்தி ஊதச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார்கள். கூடவே விளம்பரமும் செய்தார்கள். சாலைச் சாவுகள் கண்கூடாகக் குறைந்தன. பத்தாயிரத்துக்குப் பயப்படாதவன்கூட இன்றைக்கே, இந்த வளைவிலேயே பிடிப்பார்கள் என்றால் பயப்படுவான்.

உங்கள் மண்டபத்திலும் அதே கதைதான். "பார்த்துப் போங்கப்பா" என்பது காதில் ஏறாது. சாவியை உள்ளே வரும்போதே வாங்கிவிட வேண்டும்; கிளம்பும்போது கேட்டால் சண்டைதான் வரும். வாங்குகிற ஆள் தம்பியாகவோ நீங்களாகவோ இருக்கக் கூடாது. தாய்மாமன் வாசலில் நின்று, "பார்க்கிங்கில் வண்டியை எடுத்து மாற்றி வைக்கணும், சாவியைக் கொடுங்க மாப்ள" என்றால் எந்தப் பையனும் மறுக்க மாட்டான். ஒவ்வொரு சாவியிலும் பெயரெழுதின துண்டுத்தாளை நூலில் கட்டி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மணப்பெண் அறை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். அந்த அறைக்குள் பசங்க நுழைய மாட்டார்கள்.

சாவியை வாங்கினால் போக வழியும் காட்ட வேண்டும். சொந்தக்காரர்களை அழைத்துவரும் வேன் ராத்திரி சும்மாதான் நிற்கும். டிரைவரிடம் முன்கூட்டியே பேசி, பதினொன்றரைக்கு ஒரு டிரிப் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குப் பந்தி ஹாலைக் கூட்டித் துடைத்து ஜமுக்காளமும் தலையணையும் போட்டுவிடுங்கள்.

காலையில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள். தூங்கி எழுந்துவிட்டான், குளித்துவிட்டான், காபியும் குடித்தாயிற்று என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலைக் கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் இறக்கும். மோரும் எலுமிச்சையும் அதை வேகப்படுத்தாது. நள்ளிரவில் 150ல் இருந்தவன் காலை ஆறு மணிக்கும் 60ல் இருப்பான், அதாவது சட்ட வரம்பைப் போல இரண்டு மடங்கு. முகூர்த்தம் பார்த்து, மத்தியானச் சாப்பாடும் முடித்த பிறகு டப்பாவைத் திறக்கலாம்.

போலீஸில் தாராளமாகச் சொல்லலாம். யார் பெயரையும் சொல்லத் தேவையில்லை. "இன்ன தேதி இன்ன மண்டபத்தில் விசேஷம், ராத்திரி பைக் நிறைய வரும், அந்த ரோட்டில் ஒரு செக்கிங் வையுங்கள்" என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டால் போதும். கேட்டிருக்கிறோம் என்பதை நண்பர்கள் குரூப்பில் தம்பியே போடட்டும், படுக்க இடம் இருக்கிறது என்ற தகவலோடு. இதில் ஒளிவுமறைவு எதற்கு? அதையும் மீறி ஒருவன் வேறு சாவியைத் தேடி எடுத்துக் கிளம்பினால் 112க்குப் போன் போடுங்கள். போன வருஷம் யாராவது அப்படிப் போட்டிருந்தால், அந்தப் பையனின் அம்மா இன்றைக்கு உங்கள் குடும்பத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். திட்டட்டுமே.

வேன் டிரைவர் பேட்டா, கூடுதல் டீசல் எல்லாம் யார் தலையில் என்று வீட்டில் கேள்வி வரும். அதைக் கல்யாணச் செலவில் சேர்க்காதீர்கள். பார்ட்டி பட்ஜெட்டில் இரண்டு ஃபுல்லைக் குறைக்கச் சொல்லுங்கள், கணக்கு நேராகிவிடும்.